பொத்தானில் ஒட்டிய பெயர்கள்

ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டால் ஆஸ்பத்திரி வரவில்லை. தப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்தத் தப்பைச் சுற்றி நடந்த கூத்து.

தோட்டத்து ரேடியோ செட்டுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். எண்பதுகளில், கோல சிலாங்கூர் டவுனில் ஒரு கடை மாடியில் பட்டறை. அங்கிருந்து மோட்டாரில் தோட்டம் தோட்டமாக அலைச்சல். இந்தத் தொழிலில் செட்டு கெடுவது குறைவு. செட்டுக்கு முன்னால் உட்காருகிற ஆள் கெடுவதுதான் அதிகம். போன், டிவி, ஐஸ்பெட்டி என்று எதையாவது திறந்து மூடி வயிற்றைக் கழுவினவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் நம்புங்கள்.

ஆனால் ஒன்று. விடியற்காலையில் அந்தச் செட்டுகளில் வருகிற குரல்கள் மாதிரி வேறு எதையும் நான் கேட்டதில்லை. செம்பனை மட்டைகளில் மூட்டம் தொங்கிக்கொண்டிருக்கும். பத்தடி தூரத்தில் ஆள் தெரியாது. குரல் மட்டும் வரும், இன்னும் முகம் கழுவாத குரல். இன்றைக்கும் கண்ணை மூடினால் வருகிறது. வரட்டும்.

அறைக்குக் கதவு எங்கே?

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தடவைதான் சொல்வேன்.

செட்டில் எட்டுப் பொத்தான். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஓர் எண் வைத்திருப்பேன். பொத்தானை அமுக்கினால் அந்த எண் ஐந்து சின்ன ஓசையாக வெளியே போகும், குருவி கூவுவது மாதிரி. எந்தெந்தத் தோட்டத்துச் செட்டில் அதே எண் இருக்கிறதோ, அதெல்லாம் காதைத் திறக்கும். அப்புறம் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான். அதனால் அறை என்றே சொல்வோம். ஐந்து ஓசையில் கடைசி இரண்டு, அந்த அறையை முதலில் திறந்த தோட்டத்தின் அடையாளம். பிறந்த ஊர் மாதிரி. குடியிருக்கிற ஊர் அல்ல. எண் மாறாது. அதை யாரும் வாயால் சொல்லவும் மாட்டார்கள், அது செட்டுக்கு. மனுஷனுக்காகப் பொத்தானுக்கு மேலே ஒரு தாள் துண்டில் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். என்ன பெயர் என்பது அந்தந்தத் தோட்டத்து ஆளின் இஷ்டம். வீட்டில் பிள்ளையைக் கூப்பிடுகிற செல்லப் பெயர் மாதிரி. அடுத்த வீட்டில் செல்லாது.

நடுத் தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்குகிற மண்டோர் முனியாண்டிக்கு இது பிடிபடவில்லை. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து ஆள்கள் காட்டுக்குள் கரைந்துபோன பிறகு, கோப்பிக் குவளையோடு வந்து நிற்பார். அந்த அறை எங்கே இருக்கு, மேட்டுத் தோட்டத்து ஆபீசிலா? இல்லை என்றேன். உன் பட்டறையிலா? இல்லை. அப்போ ஏரியல் உச்சியிலா? அங்கேயும் இல்லை. எல்லாச் செட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்றேன். திறந்துவைத்த தோட்டமே செட்டை அணைத்துவிட்டுப் போனாலும் மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம். கடைசி ஆளும் அணைத்தால்தான் அறை இல்லை.

அவர் மூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள்ளே எங்கேயோ ஒருவன் குலை வெட்டுகிற சத்தம். குலை விழுகிற சத்தம். ஆள் தெரியவில்லை. கோப்பி ஆறிப்போயிற்று.

"அப்ப அது சாமி மாதிரி லா. கும்பிடுறவன் இருக்கிற வரைக்கும் இருக்கும்."

லெட்சுமி கேட்ட பொத்தான்

கடலோர டிவிஷன் மேட்டுத் தோட்டத்தைச் சேர்ந்தது. பெயருக்குத்தான் சேர்ந்தது. தஞ்சோங் காராங் வயல்களைத் தாண்டி, கடல் ஏறாமல் கட்டின மண் பண்டை ஒட்டித் தனியாகக் கிடக்கும். ஆள்கள் குடியிருக்கிற இரண்டு லயம், ஓர் ஆபீஸ் அறை, விளக்கு எஞ்சின் ஒன்று. போவதற்கு ஒரே மண் ரோடு, சடக்கு என்போம். பக்கத்திலேயே பெரிய அலூர், அதாவது வடிகால் வாய்க்கால், ஓடும். மழை பிடித்தால் எது சடக்கு, எது அலூர் என்று தவளைக்குத்தான் தெரியும். போன் கிடையாது. அங்கே முதல் செட்டை வைத்தது நான்.

செட்டில் பேசுகிற வேலையை லெட்சுமி கேட்டு வாங்கியிருந்தாள். மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவள். ஏன் இந்த வேலை என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள், நான் குனிந்து எண் வைத்துக்கொண்டிருந்தபோது. முந்தின வருஷ மழையில் அவளுக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி மேட்டுத் தோட்டத்தில். சொல்லிவர அவள் புருஷன் மாணிக்கம் தண்ணீரில் நடந்தே போனான். ஜீப் வந்தபோது பிள்ளை இல்லை. இப்போது மறுபடியும் மூன்று மாதம். சொன்னது அவ்வளவுதான். அழவில்லை. நான் வைத்த எண்களை இன்னொரு தடவை சரிபார்த்தேன்.

எட்டுப் பொத்தானுக்கும் அவளே பெயர் எழுதினாள். லோரி அறைக்கு ‘மாமா’. லோரி அனுப்புகிற வேலு எல்லாருக்கும் மாமா, அதனால். எழுதிக்கொள் என்றேன், எண் என்னுடையது, பெயர் உன்னுடையது. ஆஸ்பத்திரி அறை நாலாவது பொத்தான். அங்கேதான் ஒரே ஆம்புலன்ஸ் ஜீப்பின் டிரைவர் பாக் மாட் இருப்பார். ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதி ஒட்டினாள். போதாதென்று நெற்றிப் பொட்டை எடுத்துப் பொத்தான்மேலேயே வைத்தாள். சிவப்புப் பொட்டு. இதெல்லாம் எதற்கு, செட்டு அழுக்காகும் என்றேன். சன்னல் வழியே கடல் காற்று வந்துகொண்டிருந்தது. எழுதின தாளெல்லாம் பசை காயாமல் மீன் செதில் மாதிரி படபடத்தது.

"மத்ததெல்லாம் வேலைக்கு அண்ணே. இது எனக்கு."

ஒரே அறை, மூன்று பெயர்

மேட்டுத் தோட்டத்து ஆபீசை நடத்துகிற பெரிய கிராணி பொன்னம்பலம். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா கிராணி, தாத்தா கிராணி. வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டது. அதற்குள் இருந்த ஆளும் கஞ்சி போட்டவர்தான். பென்சில்கூட மேசையில் சதுரமாகக் கிடக்கும். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகாது. இரண்டு பேரும் அதிகம் பேசாதவர்கள் என்பதால் சண்டையும் சீக்கிரம் முடிந்துவிடும்.

ஒரு நாள் அவருடைய செட்டில் லெட்சுமி குரல் கேட்டது. "மாமாவுக்கு வாங்க, மாமாவுக்கு வாங்க" என்று லோரி அறைக்கு நடுத் தோட்டத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கிராணியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. என்ன இது, ஆபீசா, கல்யாண வீடா என்று என்னைக் கூப்பிட்டனுப்பினார். காட்டினேன். அவருடைய செட்டில் அந்த அறைக்கு ‘டிரான்ஸ்போர்ட்’. நடுத் தோட்டத்தில் ‘காய் லோரி’. கடலோரத்தில் ‘மாமா’. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அதே ஐந்து ஓசை, அதே அறை, அதே வேலு. நீங்கள் எப்படிக் கூப்பிட்டாலும் லோரி வருகிறதா இல்லையா? வருகிறது. அப்புறம் என்ன?

அவர் மூன்று பெயரையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொன்றையும் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றி ஒரு தடவை துடைத்தார். கடைசியில் சொன்னார்:

"தம்பி, ஒரு மனுசனுக்கு மூண்டு பேர் இருந்தால் அவனைப் பொலிஸ் தேடும்."

ஒரே பெயர், இரண்டு அறை

மூன்று பெயரால் கெட்டது ஒன்றுமில்லை. கெட்டது ஒரு பெயரால்.

தோட்டங்களில் ஆளைக் கைமாற்றுவது வழக்கம். ஓர் இடத்தில் ஆள் குறைந்தால் இன்னோர் இடத்திலிருந்து கொஞ்ச நாளைக்கு அனுப்புவார்கள். நடுத் தோட்டத்தில் செட்டுக்காரன் காய்ச்சலில் படுத்தான். லெட்சுமியை அனுப்பினார்கள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. போய் உட்கார்ந்தாள். அங்கேயும் நாலாவது பொத்தானில் ‘ஆஸ்பத்திரி’ என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தது. சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது என்றாள்.

அன்றைக்குக் குலை வெட்டுகிற பழனியின் காலில் அரிவாள் இறங்கிவிட்டது. லெட்சுமி பொத்தானை அமுக்கினாள். "ஜீப்பு அனுப்புங்க, ஆளு அடிபட்டுக் கெடக்குறாரு" என்றாள். நிதானமான ஒரு குரல், "பஞ்சு நாளைக்குத்தான் வரும், மருந்துத் தண்ணி வேணும்னா இப்ப ஆள் அனுப்பு" என்றது. ஜீப்பு, ஜீப்பு என்று கத்தினாள். "ஜீப்புலல்லாம் பஞ்சு அனுப்ப மாட்டாங்கம்மா" என்றது குரல். நடுத் தோட்டத்தில் ஆஸ்பத்திரி என்றால் அவர்களுடைய மருந்து ரூம். காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரஸ்ஸரும் அவருக்கு மருந்து எடுத்துக்கொடுக்கிறவரும் பேசிக்கொள்கிற அறை. பாக் மாட்டின் அறைக்கு அங்கே வைத்த பெயர் ‘ஜீப்’, ஏழாவது பொத்தான். லெட்சுமிக்கு யார் சொன்னது? அங்கே இருப்பவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை.

பழனியை லோரியில், செம்பனைக் குலைமேல் சாக்கு விரித்துப் படுக்கப்போட்டுக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டான். வழியெல்லாம் மட்டைகளுக்கு நடுவே ஆகாயம் ஆற்று வெள்ளம் மாதிரி ஓடியது, வலியே தெரியவில்லை என்று பிறகு சொன்னான். அவனுக்குச் சொகுசு. லெட்சுமி அன்று மாலையே என் பட்டறைக்கு வந்துவிட்டாள், பஸ் பிடித்து. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பேரு ஒண்ணு, எழுத்து ஒண்ணு, பொத்தானும் அதே நாலாவது. வீடு மட்டும் எப்படிண்ணே வேற? நாளைக்கு என் முறை வந்து, நானும் பஞ்சுக்காரன்கிட்ட கத்திக்கிட்டுக் கெடக்கணுமா?"

அக்கரைக் குரல்

அதற்கிடையில் இன்னொரு தொந்தரவு. அறைக்கதவு திறந்திருக்கும்போது, அதே அலையில் எது மிதந்தாலும் உள்ளே வரும். வெயில் கடுத்து, காற்று செத்து, கடல் எண்ணெய் மாதிரி கிடக்கிற மத்தியானங்களில் சுமத்ராக் கரைக் குரல்கள் வந்துவிடும். மீன்பிடிக்கிறவர்கள். ஐஸ் கட்டி விலை, வலைக் கிழிசல், யாருடைய மாமியாருக்கோ உடம்புக்கு ஆகவில்லை. பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி இருக்கும். பிறகு தண்ணீருக்குள் அமிழ்கிற மாதிரி தேய்ந்துபோகும். நடுவில் ஒருவர் பாடுவார். வயசான குரல். என்ன பாட்டு என்று தெரியாது. மேட்டுத் தோட்டம், நடுத் தோட்டம், கடலோரம், எல்லாச் செட்டிலும் ஒரே நேரத்தில் அந்தப் பாட்டு. யாரும் ஒன்றும் பேச மாட்டார்கள். பேச முடியாது என்பது ஒன்று. பேசத் தோன்றாது என்பது ஒன்று.

பெரிய கிராணிக்கு இது பிடிக்கவில்லை. நியாயம். ஆம்புலன்ஸ் அறையில் பாட்டு ஓடினால் அடிபட்டவன் எப்படிக் கூப்பிடுவான்? ஜீப் டிரைவர் பாக் மாட் அக்கரைக்குப் பதில் வேறு சொல்கிறாராமே, ஏன் என்று கேட்டுவர என்னை அனுப்பினார். பாக் மாட் தோட்டத்திலேயே வளர்ந்த மலாய்க்காரர். நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். ஜீப் நிழலில் படுத்துக் காதைச் செட்டுப் பக்கம் வைத்திருந்தார். யாரோ அக்கரை ஆளிடம் மழை எப்போது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஏன் பதில் சொல்கிறீர் என்றேன்.

"அவனுக்கும் எனக்கும் ஒரே கடல், ஒரே மழை. அவன் கூப்பிட்டா சும்மா இருக்க முடியுமா லா?"

எட்டுப் பொத்தானும் காலி

பொன்னம்பலம் உத்தரவு போட்டார். ஒன்று, எல்லாத் தோட்டத்திலும் ஒரே பெயர். ஆஸ்பத்திரி என்றால் எங்கேயும் ஜீப் அறைதான், மருந்து ரூமுக்கு வேறு பெயர். இரண்டு, அக்கரைக் குரல் ஏறாத வேறு அலைக்கு எல்லா அறைகளையும் மாற்றிவிட வேண்டும். எண் அலையோடு சேர்ந்தது, அதனால் எட்டு அறைக்கும் புது எண். பழைய எண் இனிமேல் கிடையாது.

அறையைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியாது, ஐயா என்றேன். புது அறை கட்டலாம். பழைய பெயரை எடுத்துப் புது அறைக்கு ஒட்டலாம். ஆனால் பழைய எண் வைத்திருக்கிற செட்டு பழைய அறைக்குத்தான் போகும். பெயரைப் பார்த்து அதற்கு ஒன்றும் தெரியாது. விளங்குது, நாள் குறிச்சாச்சு, செய்யும் என்றார். செய்தேன். மேட்டுத் தோட்டம் முடிந்தது, நடுத் தோட்டம் முடிந்தது. கடலோரம் தூரம், கடைசியாக வைத்திருந்தேன். மறுநாள் காலையில் கிளம்ப மோட்டாரை உதைத்தேன். மழை.

அப்படி ஒரு மழை. வயல் எது வானம் எது என்று தெரியாமல் ஒரே வெள்ளை. தஞ்சோங் காராங் தாண்டினதும் சடக்கு இல்லை. பண்டு எங்கேயோ உடைந்திருந்தது. கண்ணுக்கெட்டின மட்டும் தண்ணீர். அதன்மேல் செம்பனைத் தலைகள் நின்ற இடத்திலேயே நீந்துகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் லெட்சுமி. அவளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. அவளிடம் இருந்த செட்டில் எட்டுப் பழைய எண்கள். அந்த எட்டு அறையிலும் ஓர் ஆள் இல்லை. உத்தரவுப்படி எல்லாரும் வெளியேறியாயிற்று.

அன்றைக்கு அந்தப் பக்கம் நடந்ததை அவள் பிறகு சொன்னாள். விளக்கு எஞ்சின் தண்ணீருக்குள். செட்டு பாட்டரியில் ஓடியது. அமுக்கிப் பார்த்துவிட்டு, பாட்டரி தீர்ந்துவிடும் என்று அணைத்துவைத்தாள். மாணிக்கம் லோரி டியூப் ஒன்றில் காற்றடித்து வாசலில் கட்டி வைத்தான், எதற்கும் இருக்கட்டும் என்று.

"ஆஸ்பத்திரி, மாமா, ஆபீசு, எட்டையும் அமுக்குனேண்ணே. குருவி கூவுது, கதவு தெறக்குது. உள்ள ஒருத்தரும் இல்ல. கூப்புட்டுக் கூப்புட்டு, என் குரலே எனக்குப் பயமா இருந்திச்சு."

பழைய எண்ணில் ஒருவர்

நனைந்த சட்டையோடு கிராணி ஆபீசுக்கு வந்தேன். போக வழியில்லை என்றேன். கடலோரம் பாக்கி என்றேன். 

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து ஸ்டோர் ரூமுக்குப் போனார். உபரியாக ஒரு செட்டு அங்கே இருந்தது. அதற்கும் எண் மாற்றச் சொல்லித்தான் இருந்தார், நான் இன்னும் தொடவில்லை. தானே தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். பென்சிலெல்லாம் உருண்டு கீழே விழுந்தன. குனிந்து எடுக்கவில்லை. நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். "இதைத் திறவாதேயும்" என்றார். பழைய எண்கள் பழையபடியே இருக்கட்டும் என்றார். ஏரியலைக் கட்டிக் கொடுத்தேன். பக்கத்தில் புதுச் செட்டு, இந்தப் பக்கம் பழைய செட்டு, நடுவில் அவர். பழைய அறையில் கடலோரத்தைக் கூப்பிட்டார். பதில் இல்லை. அணைத்து வைத்திருக்கிறாளா, பாட்டரி செத்ததா, செட்டே தண்ணீருக்குள் போயிற்றா, யாருக்குத் தெரியும்? கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார். வீட்டிலிருந்து சாப்பாட்டை அங்கேயே கொண்டுவரச் சொன்னார். மறுநாளும் அதே நாற்காலி. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டே இருந்தது. அந்தக் காலி அறையின் இரைச்சலும் மழை மாதிரியே இருந்தது. எது எது என்று பிரிக்க முடியவில்லை. எனக்குக் கண் சொருகியது. அவர் நிமிர்ந்தே இருந்தார்.

சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். அந்த இரைச்சலுக்குள்ளே ஐந்து ஓசை. பழைய ஐந்து.

"ஆஸ்பத்திரி... யாராச்சும் இருக்கீங்களா?"

"கடலோரம், கதையும். பெரிய கிராணி பேசுறன்."

"ஆஸ்பத்திரி இல்லீங்களா ஐயா?"

"ஆஸ்பத்திரி வேற அறைக்குப் போயிட்டுது. நான் இஞ்ச இருக்கிறன். என்னட்டைச் சொல்லும், நான் அங்க சொல்லுறன்."

"வலி வந்திருச்சு ஐயா."

அவர் அந்தப் பக்கம் திரும்பினார். புதுச் செட்டில் பாக் மாட்டைக் கூப்பிட்டார், வேலுவைக் கூப்பிட்டார். ஜீப் அலூர்க் கரை வரைக்கும் போக வேண்டும்; நடுத் தோட்டத்தின் பெரிய சக்கர டிராக்டர் தண்ணீரில் இறங்கி லயம் வரைக்கும் போக வேண்டும். அவர்கள் சொன்னதை இந்தப் பக்கம் திரும்பி இவளுக்குச் சொன்னார். இவள் சொன்னதை அந்தப் பக்கம். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"டிராக்டர் வெளிக்கிட்டிட்டுது. விளங்குதோ?"

"வெளங்குது. ஐயா, போயிராதீங்க."

"எங்க போறது? கதிரை இஞ்சதானே இருக்கு. பிள்ளை, நீர் கதைச்சால் பாட்டரி முடியும். நீர் கேட்டுக்கொண்டிரும். நான் கதைக்கிறன்."

சொல்லிவிட்டார். ஆனால் என்ன பேசுவது? அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. என்னைப் பார்த்தார். எனக்கும் கிடையாது. சன்னலைப் பார்த்தார். தெரிந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

"மழை கொஞ்சம் விட்டமாதிரிக் கிடக்குது... இல்லை, விடேல்லை. தராசுக் கொட்டிலில ரெண்டு காகம் நனைஞ்சுகொண்டு நிக்குது. ஒண்டு உள்ளுக்கு வரப் பாக்குது, மற்றது விடுகுதில்லை. சடக்கில ஒரு தேங்காய் மிதந்து போகுது. ஆரின்ர தேங்காயோ. அது இப்ப வளைவில நிக்குது. இனிப் போகும்... ஓம், போகுது."

அப்படியே போய்க்கொண்டிருந்தது. அந்தக் குரலில் கஞ்சி இல்லை. பாதித் தூக்கத்தில் கேட்கிற மாதிரி நான் கேட்டுக்கொண்டு நின்றேன். தண்ணீருக்கு அப்பால் ஒரு லயத்தில் ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தேங்காயைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை அவள் குரல் வந்தது: டிராக்டர் சத்தம் கேக்குது ஐயா. அதோடு பாட்டரி போயிற்று. அவர் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பேசினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் புதுச் செட்டில் பாக் மாட். பிள்ளை பிறந்தது, பெண், ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க லா என்றார். கிராணி, நல்லது என்றார். குனிந்து பென்சில்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு நான் போய்க் கடலோரத்துச் செட்டில் புது எண் வைத்தேன். அதுவரைக்கும் அவர் அந்தப் பழைய செட்டை அணைக்க விடவில்லை. உத்தரவையும் மாற்றினார். பெயர் அவரவர் இஷ்டம். ஆனால் வெளியாளிடம் சொல்லும்போது தோட்டத்துப் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். நடுத் தோட்டத்து ஆஸ்பத்திரி, கடலோரத்து ஆஸ்பத்திரி, இப்படி. அறை மாற்றினால் கடைசிச் செட்டு வந்துசேரும்வரை பழைய அறையில் ஓர் ஆள் இருக்க வேண்டும். லெட்சுமி பிள்ளையோடு ஆபீசுக்கு வந்தாள். நான் கூப்புடுவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் ஐயா என்று கேட்டாள். அவர் பிள்ளையைப் பார்க்காமல் செட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு என்ன தெரியும்? எல்லாரையும் எழும்பச் சொன்னது நான். தெரியாமல் ஆராவது உள்ளுக்கு வந்தால், அறை மாறிப்போச்செண்டு சொல்ல ஒருத்தர் இருக்கத்தானே வேணும்?"

எண்ணை வைத்தவன் நான், பெயரை ஒட்டினவர்கள் ஆளுக்கு ஆள், உத்தரவு போட்டு, இருந்த குழப்பத்தைப் பெரிதாக்கினவர் எவரோ, அவரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அதைச் சரிசெய்தார்: பெரிய கிராணி பொன்னம்பலம்.